பாடசாலைப் பெற்றோர் குழுவில் பிணக்கு: மலையகத்தில் அதைத் தீர்ப்பது எப்படி?

புதிய கல்வி ஆண்டு தொடங்கியதும் மலையகப் பாடசாலைகளில் பெற்றோர் கூட்டங்கள் நடக்கும். வகுப்பறைக்கு வர்ணம் பூசுவது யார், இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் கட்டுவது யார், ஐந்தாம் தரப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குத் தேநீர் கொடுப்பது யார் என்று பெயர் எழுதுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உற்சாகமாகக் கை தூக்குவார்கள். இரண்டாம் தவணை முடிவதற்குள் அவர்களில் நாலைந்து பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். மற்றவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், "அங்க ஒரே சண்டை, நமக்கு எதுக்கு" என்பதுதான் பதிலாக இருக்கும்.

நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அபிப்பிராய பேதம் வருவது இயல்பு. கொழும்பிலும் வரும், கண்டியிலும் வரும். ஆனால் மலையகத்தில் அதற்கு இன்னோர் ஆபத்து உண்டு. இங்கே பிணக்கு தன் வடிவத்தை மிக வேகமாக மாற்றிக்கொள்கிறது. வர்ண வாளியின் கணக்கில் ஆரம்பித்த பேச்சு, மறுநாள் "டவுன் ஆட்கள், தோட்டத்து ஆட்கள்" என்று மாறுகிறது. அடுத்த வாரம் "முஸ்லிம்கள், தமிழர்கள்" என்றாகிறது. தேர்தல் காலமாக இருந்தால் யார் எந்தத் தொழிற்சங்கம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதன்பின் வர்ண வாளியை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றைத்தான். பிணக்கு எதைப் பற்றிப் பிறந்ததோ அதைப் பற்றியதாகவே, பிறந்த அளவிலேயே வைத்துத் தீர்க்க வேண்டும். அதற்கான ஒழுங்கைச் சண்டை வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டும்.

கூட்டத்தில் இருப்பவர்கள் யார்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 11 ஆயிரம். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். முஸ்லிம்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா போன்ற நகரங்களில் வியாபாரம் செய்து வாழும் எமது குடும்பங்கள் பல உண்டு. எல்லா ஊரிலும் முஸ்லிம் பாடசாலை இல்லாததால், அவர்களின் பிள்ளைகளில் பலர் தோட்டப் பிள்ளைகளோடு ஒரே தமிழ்மொழிப் பாடசாலையில், ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள்.

பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்தாலும் பெற்றோர் சமமான இடத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. தோட்டப் பாடசாலையின் வரலாறு இதற்கு ஒரு காரணம். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் லயங்களுக்கு முழுமையாக எட்டவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே இந்தப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. பாடசாலை என்பது துரையின் காரியம், நாம் அதில் பேச ஒன்றுமில்லை என்று பல தலைமுறைகள் பழகியிருந்தன. இன்றைய தாய்மாரின் பாட்டிமார் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்.

இன்றும் கூட்டத்துக்கு வரும் கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அந்த வருகை சும்மா கிடைப்பதில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் அது வேலைக்குப் போன நாளுக்கு மட்டும்தான். கிழமை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் அவருக்கு அன்றைய பேர் போகும், அல்லது அரைப் பேர்தான் விழும். கடை வைத்திருப்பவர் தம்பியை இருத்திவிட்டு வந்துவிடலாம். ஆகவே கூட்டத்துக்கு யார் அடிக்கடி வருகிறார், யார் கூடுதலாகப் பேசுகிறார் என்பதைக் கொண்டு யாருக்குப் பிள்ளைமேல் அக்கறை அதிகம் என்று முடிவு செய்வது அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தாய் கடைக்காரரை "முதலாளி" என்று அழைப்பார். சம்பளம் வரும் வரை அவருடைய கடையில்தான் அரிசியும் மாவும் கடனுக்கு எடுப்பார். அதே கடைக்காரர் பெற்றோர் குழுவின் பணத்தை வைத்திருக்கும்போது, "முதலாளி, அந்தக் கணக்க ஒருக்கா காட்டுங்க" என்று அந்தத் தாயால் கேட்க முடியுமா? கேட்க மாட்டார். கேட்காமல் வீட்டுக்குப் போய், லயத்தில் நாலு பேரிடம் சொல்வார். குழுவில் பெரிய சண்டைகள் பல, இப்படிக் கேட்க முடியாமல் போன ஒரு சின்னக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

சட்டப்படி அமைப்பு எப்படி?

அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் அதில் சேரலாம். அதிபர் பதவி வழியில் அதன் தலைவர். 2006 முதல் அறிமுகமான பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் இயங்குகிறது. இவற்றுக்குக் கீழே, வகுப்பாசிரியரோடு அந்த வகுப்பின் பெற்றோர் மட்டும் கூடும் வகுப்புப் பெற்றோர் வட்டம் இருக்கிறது.

பெரும்பாலான பெற்றோருக்கு இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. அதனால் வகுப்பு வட்டத்தில் பத்து நிமிடத்தில் முடியவேண்டிய விடயம், 300 பேர் கூடும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியில் வெடிக்கிறது. 300 பேருக்கு முன்னால் குற்றம் சாட்டப்பட்டவர் பின்வாங்க மாட்டார். குற்றம் சாட்டியவரும் பின்வாங்க மாட்டார். எனவே முதல் விதி: வகுப்பின் பிணக்கு வகுப்பு வட்டத்தில். அங்கே முடியாவிட்டால் அதிபரிடம். அதன்பிறகுதான் சங்கத்தின் நிறைவேற்றுக் குழு. பொதுக்கூட்டம் கணக்கும் திட்டமும் பேசுவதற்கான இடம், இரண்டு பேரின் மனஸ்தாபத்தை அவிழ்ப்பதற்கான இடம் அதுவன்று.

பணம்: எழுதாத கணக்கே முதல் எதிரி

ஒரு வகுப்பை எண்ணிப் பார்ப்போம். 35 பிள்ளைகள். வர்ணம் பூச ஆளுக்கு 300 ரூபா என்று முடிவாகிறது. 27 பேர் கொடுக்கிறார்கள், 8,100 ரூபா சேர்கிறது. செலவு 9,400. பொறுப்பெடுத்த சகோதரர் மிச்சம் 1,300 ரூபாவைத் தன் சட்டைப்பையிலிருந்து போடுகிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை பேசுவது போலாகும் என்று நினைக்கிறார். வர்ணம் வாங்கியது அவருடைய மச்சானின் கடையில். அங்கே வாங்கினால் விலை குறையும் என்பது அவர் எண்ணம். மற்றவர்களின் கண்ணுக்குத் தெரிவது என்ன? பணம் சேர்த்தவரும் அவர், சாமான் விற்றவர் அவருடைய சொந்தக்காரர், கணக்கு யாருக்கும் தெரியாது.

இங்கே கெட்டவர் யாருமில்லை. ஆனாலும் சண்டைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பெற்றோர் குழுப் பணம் ஓர் அமானிதம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சியும் வைத்துக்கொள்ளப் பணிக்கிறது. எழுதுவது ஒருவரை நம்பாததன் அடையாளம் என்று நினைக்கத் தேவையில்லை. எழுத்து முதலில் பாதுகாப்பது பணத்தை வைத்திருப்பவரைத்தான்.

செய்யவேண்டியவை எளியவை. பணம் வாங்கும்போதே பற்றுச்சீட்டு. பணத்தைச் சேர்ப்பவர் ஒருவர், செலவிடுபவர் வேறொருவர். வாங்குவதற்கு முன் இரண்டு கடைகளில் விலை கேட்டல். சொந்தக்காரரின் கடையாக இருந்தால் அதை முதலே வட்டத்தில் சொல்லிவிடுதல். வேலை முடிந்த வாரமே வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வகுப்பறையில் ஒட்டுதல். வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு அடுத்த கூட்டத்தில் வாய்விட்டு வாசித்துக் காட்டுதல். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இவை நடந்தால், அந்தத் தாய் "முதலாளி"யிடம் கணக்குக் கேட்கும் தர்மசங்கடமே எழாது.

பணம் கொடுக்காத எட்டுப் பேரின் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியளவில்தான் கைக்கு வரும். 3ஆம் திகதிக்குள் பணம் கேட்டு, தராதவரின் பெயரை எழுதினால், அந்தப் பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வராமலே இருந்துவிடலாம். பணம் இல்லாதவர் ஒரு நாள் சிரமதானம் தருகிறார் என்றால் அதுவும் பங்களிப்பாகக் கணக்கில் எழுதப்பட வேண்டும். பாடசாலைகளில் பணம் சேகரிப்பது பற்றிக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் இருக்கின்றன. எந்த வசூலையும் தொடங்குமுன் அதிபரின் எழுத்துமூல அனுமதி பெறுவது குழுவுக்கும் நல்லது.

சாப்பாடும் சமயமும்

2024இல் அரச பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. பல பாடசாலைகளில் சமைத்துக் கொடுப்பவர்கள் பெற்றோர்களான தாய்மாரே. பிள்ளையின் வயிறு, பெண்களின் உழைப்பு, சிறு வருமானம், சமயம் ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் அது. அதனால் அங்கே பிணக்கு எழுவதில் வியப்பில்லை.

முஸ்லிம் பெற்றோர் கேட்பது ஹலால். இந்துப் பெற்றோர் கேட்பது வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் மரக்கறி. இரண்டும் நியாயமான கேட்புகள், ஒன்றுக்கொன்று முரணானவையும் அல்ல. சோறு, பருப்பு, கீரை, முட்டை, நெத்தலி என்ற பட்டியலில் எமக்கு எந்தச் சிக்கலும் இல்லை. கோழி இறைச்சி கொடுக்கும் நாளுக்கு மட்டும் எந்தக் கடையில் வாங்குவது என்று முடிவெடுத்தால் போதும். சிக்கல் வருவது எப்போதென்றால், எதையும் முதலே பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பிள்ளை வீட்டில் வந்து சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, சமைத்த பெண்ணிடம் நேரே போய்ச் சத்தம் போடும்போதுதான். அந்தப் பெண் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவர். அவருக்கு அது தன் சமயத்துக்கு எதிரான தாக்குதலாகவே கேட்கும்.

தவணைத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர், சமைப்பவர், இரு சமூகப் பெற்றோரில் இரண்டிரண்டு பேர் உட்கார்ந்து தவணை முழுவதற்கும் உணவுப் பட்டியலை எழுதிவிட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். உணவைக் கவனிக்கும் முறைநாளும் அப்படியே. நோன்பு மாதத்தில் முஸ்லிம் தாய்மாரின் முறையை மற்றவர்கள் எடுப்பதும், தீபாவளி, தைப்பொங்கல் வாரங்களில் முஸ்லிம் தாய்மார் அவர்களின் முறையை எடுப்பதும் எழுதப்பட்ட ஏற்பாடாக இருந்தால், அது யாரும் யாருக்கும் செய்யும் உபகாரமாகத் தெரியாது.

வாணி விழா, மீலாத் விழா, ஒளி விழா ஆகியவற்றுக்கான பணம் இன்னொரு உரசல். இதற்கு ஒரே வழி தனிக் கணக்கு. சமய விழாவுக்குக் கொடுப்பது விருப்பத்தின் பேரில். வகுப்புப் பணத்திலிருந்து எந்த விழாவுக்கும் எடுப்பதில்லை. இந்த விதி எல்லா விழாக்களுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மீலாத் விழாவுக்குப் பொதுப் பணம் எடுக்கலாம், வாணி விழாவுக்கு எடுக்கக் கூடாது என்று நாம் வாதிட முடியாது.

வேலையும் நேரமும்

"எல்லா வேலையையும் நான்தான் செய்கிறேன்" என்பதும் "எங்களை யாரும் கூப்பிடவே இல்லை" என்பதும் ஒரே குழுவில் ஒரே நேரத்தில் கேட்கும் இரண்டு முறைப்பாடுகள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். வேலையைப் பிரித்து எழுதாதபோது சுறுசுறுப்பான இரண்டு பேர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள். ஆறு மாதத்தில் முன்னவர்களுக்குக் களைப்பு, பின்னவர்களுக்குக் கோபம்.

பொறுப்புகளைச் சிறிதாக வெட்ட வேண்டும். "விளையாட்டுப் போட்டிக்குப் பொறுப்பு" என்று ஒருவரிடம் கொடுப்பதற்குப் பதிலாகக் குடிநீர், கொடிகள், முதலுதவி, வாகனம் என்று பிரித்து இரண்டிரண்டு பேரிடம் கொடுக்கலாம். ஒரு டவுன் பெற்றோரும் ஒரு தோட்டத்துப் பெற்றோரும் ஒரு சோடியாக இருப்பது இன்னும் நல்லது. ஒன்றாகத் தண்ணீர் வாளி தூக்கியவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் வதந்தியை இலகுவில் நம்பமாட்டார்கள்.

நேரத்தைத் தெரிவுசெய்வதும் நீதியின் ஒரு பகுதி. கிழமை நாள் காலை என்றால் தோட்டத்துத் தாய் வரமுடியாது. வெள்ளிக்கிழமை நண்பகல் என்றால் ஜும்ஆவால் முஸ்லிம் தந்தையர் வரமுடியாது. ஞாயிறு காலை தோட்டத்து மக்கள் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும் நேரம், கடைக்காரருக்கு அன்றுதான் வியாபாரம். ஞாயிறு பிற்பகலோ போயா தினமோ பல இடங்களில் பொருந்தலாம். எதுவாயினும் பெற்றோரிடம் கேட்டு முடிவெடுத்து, ஆண்டு முழுவதற்கும் திகதிகளை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கூட்டம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. தூரத்து டிவிஷனுக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மலையேறி நடக்கவேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வட்ஸ்அப் குழு

இன்று பெரும்பாலான பிணக்குகள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வளர்கின்றன. எழுதச் சிரமப்படும் பெற்றோர் குரல் பதிவு அனுப்புவார்கள். எழுத்தில் அடக்கமாக வரக்கூடிய வார்த்தை குரலில் சூடாக வரும். அதை ஒருவர் வேறு குழுவுக்கு அனுப்புவார். மறுநாள் காலை பிரட்டுக்களத்திலும் கடைத்தெருவிலும் அது ஒலிக்கும்.

இந்தக் குழு அறிவித்தலுக்கு மட்டும் என்று வகுப்பாசிரியரே வரையறுத்துவிடுவது நல்லது. திகதி, நேரம், கொண்டுவரவேண்டியது, கணக்குத் தாளின் படம் ஆகியவை போதும். எந்தப் பெற்றோரின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ குறிப்பிட்டுக் குறை சொல்லக் கூடாது. முறைப்பாடு உள்ளவர் ஆசிரியருக்குத் தனியாக அழைப்பு எடுக்கலாம். யாராவது விதியை மீறினால் குழுவில் பதில் சொல்லிச் சண்டையைப் பெருக்காமல், ஆசிரியரோ வட்டச் செயலாளரோ அவரோடு தொலைபேசியில் பேச வேண்டும். கோபத்தில் வந்த குரல் பதிவை வேறொரு குழுவுக்கு அனுப்புபவர், அதைப் பேசியவரைவிடக் கூடுதலான தீங்கைச் செய்கிறார்.

பிணக்கு வந்துவிட்டால்

எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் சில பிணக்குகள் வரும். அவற்றுக்கு எமது நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளை நாம் அறிவோம். அங்கே ஒவ்வொரு தரப்பும் மத்தியஸ்தர் குழாமிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்யும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவுசெய்வார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்லும் நீதவான்கள் அல்லர். இரு தரப்பையும் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவருவதே அவர்கள் வேலை.

இதே முறையைப் பாடசாலைக்குள் சிறிய அளவில் கையாளலாம். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோரும் மதிக்கும் ஆறேழு பேரைப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டத்து மாதர் சங்கத்தின் மூத்த அக்கா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஒருவர், கோயில் சபையில் உள்ள ஒருவர், பழைய மாணவர் என்று அந்தப் பட்டியல் கலந்திருக்க வேண்டும். பிணக்கு வந்தால் இரு தரப்பும் ஒவ்வொருவரைத் தெரிவுசெய்யட்டும், அவர்கள் மூன்றாமவரைத் தெரிவுசெய்யட்டும். ஒரு வாரத்துக்குள் உட்கார வேண்டும். வாரம் தாண்டினால் ஊர் இரண்டுபடத் தொடங்கும்.

உட்காரும்போது கவனிக்கவேண்டியவை சில. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. முதலில் பேசும் வாய்ப்பு, வழமையாகப் பேசாதவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். "என்ன நடந்தது" என்பதையும் "எனக்கு எப்படிப் பட்டது" என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். கணக்கில் 1,300 ரூபா வித்தியாசம் என்பது ஒன்று. "எல்லாருக்கும் முன்னால என்னைக் கள்ளன்னு சொன்னாங்க" என்பது வேறொன்று. முதலாவதுக்குக் கணக்குத் தாள் மருந்து. இரண்டாவதுக்குச் சொன்னவரின் வாயிலிருந்து வரும் ஒரு மன்னிப்பு மருந்து. கணக்கை மட்டும் சரிசெய்துவிட்டு எழுந்துபோனால் மனம் ஆறாது, மன்னிப்பை மட்டும் வாங்கிக் கொடுத்தால் சந்தேகம் தீராது. முடிவு நாலு வரியில் எழுதப்பட்டு, இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அது அந்த அறைக்கு வெளியே போகக் கூடாது.

அதிபரோ ஆசிரியரோ பிணக்கில் ஒரு தரப்பாக இருந்தால் எழுத்துமூலம் கோட்டக் கல்விப் பணிப்பாளரிடமும், பின் வலயக் கல்விப் பணிமனையிலும் முறையிடலாம். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரான்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. அதற்கு முன்பே அரசியல்வாதியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ ஓடினால், பிணக்கு பாடசாலையின் கையை விட்டுப் போய்விடும்.

ஒரு விடயத்தை மட்டும் ஒருபோதும் சமரசத்துக்கு விடக்கூடாது. பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையோ துஷ்பிரயோகமோ சம்பந்தப்பட்டிருந்தால் அதைப் "பேசித் தீர்ப்பது" குற்றத்தை மறைப்பதாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கோ பொலிஸுக்கோ உடனே அறிவிக்க வேண்டும். ஊர் மானம், பாடசாலையின் பெயர் என்ற காரணங்கள் அங்கே செல்லாது.

கல்லோயா தரும் பாடம்

"எங்கள் ஆட்களை ஒன்றாக உட்கார வைக்கவே முடியாது" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு எமது நாட்டின் அனுபவம் ஒன்றை நினைவூட்டலாம். அது பாடசாலையைப் பற்றியதன்று, தண்ணீரைப் பற்றியது. 1980களின் தொடக்கத்தில் அம்பாறை மாவட்டத்தின் கல்லோயா இடதுகரைத் திட்டம் தண்ணீர்ச் சண்டைக்குப் பேர்போன இடமாக இருந்தது. வாய்க்காலின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ்பேசும் விவசாயிகள். கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981இல் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கின.

அவர்கள் பெரிய சங்கம் கட்டிப் பதவிகளைப் பங்கிடுவதில் தொடங்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது விவசாயிகளைச் சேர்த்து, அந்த வாய்க்காலைத் துப்புரவு செய்வதில் தொடங்கினார்கள். வேலை முதலில், அமைப்பு பிறகு. பிரதிநிதியை வாக்கெடுப்பால் தெரிவுசெய்யாமல், எல்லோரும் உடன்படும் ஒருவரைப் பேசித் தெரிவுசெய்தார்கள். கட்சி அரசியலை உள்ளே விடவில்லை. மேற்பகுதி விவசாயிகள் தண்ணீரைச் சேமித்துக் கடைமடைக்கு விடும் நிலை உருவானது. திட்டத்தில் பணியாற்றிய நோர்மன் அப்ஹொப் 1992இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த விவசாயிகளின் நிலையும் எமது பெற்றோர் குழுக்களின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் மூன்று விடயங்கள் அப்படியே பொருந்தும். அலகு சிறிதாக இருக்கட்டும், அதாவது வகுப்புப் பெற்றோர் வட்டம். கையால் செய்யும் ஒரு வேலையில் தொடங்கட்டும். தலைவரைத் தெரிவுசெய்யும்போது 18க்கு 16 என்று வென்று, தோற்ற பதினாறு பேரை எதிரணியாக்காமல், இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் கிடைக்கும்வரை இன்னும் அரை மணித்தியாலம் பேசட்டும்.

எமது சமூகத்துக்கு

மலையக நகரங்களில் முஸ்லிம் வர்த்தகர்கள் பாடசாலைகளுக்குத் தாராளமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அது தொடர வேண்டும். ஆனால் கொடுத்த கைக்குக் குழுவில் கூடுதல் குரல் வேண்டும் என்ற எண்ணம் தெரிந்தோ தெரியாமலோ வந்துவிடுகிறது. கொடுத்ததைப் பற்றுச்சீட்டோடு பாடசாலைக் கணக்கில் சேர்த்துவிட்டு, கூட்டத்தில் மற்றப் பெற்றோரோடு ஒருவராக அமர்வதே அழகு. கடனுக்குச் சாமான் கொடுப்பவர் குழுப் பணத்துக்குப் பொறுப்பாக இருக்காமல், வேறு பொறுப்பை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அதேபோல, நாம் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் எமது பேச்சு எடுபடாது என்று ஒதுங்கி நிற்பதும் தவறு. வராமலே இருந்துவிட்டு, முடிவு எடுக்கப்பட்ட பிறகு அதைச் சமூகப் பிரச்சினையாக்குவது எந்தப் பிள்ளைக்கும் உதவாது. கேட்கவேண்டியதைத் தவணைத் தொடக்கத்தில், உரிய இடத்தில், மரியாதையோடு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

அடுத்த வகுப்புக் கூட்டத்தில் மூன்று தாள்களை மட்டும் கொண்டுபோகலாம். ஒன்றில் வரவு செலவு. ஒன்றில் வேலைப் பங்கீடும் உணவுப் பட்டியலும். ஒன்றில் பிணக்கு வந்தால் அழைக்கவேண்டிய ஆறேழு பேரின் பெயர்கள். மூன்றையும் எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் போதும். எழுதும்போது வழமையாகப் பின்வாங்கில் இருக்கும் தாய்மாரை முன்னுக்கு அழைத்து, அவர்கள் சொல்வதையும் அதே தாளில் எழுதுங்கள்.